கூட்டலுக்கு வரிசை தெரியாது

ஒன்பது என்கிற எண்ணோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ரோட்டில் போகிற லாரியின் நம்பரைக் கூட்டிப் பார்க்கிற வியாதி எனக்கு வெகுகாலமாக உண்டு. கூட்டி ஒன்பது வந்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது. கூட்டாமல் இருந்து தொலைக்கலாமே என்றால் அதுவும் முடிவதில்லை. இதை எழுதும்போதுகூட என் இடது கை நாற்காலிச் சட்டத்தில் தந்தி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தபால் ஆபீஸில் கவுண்ட்டரில் இருக்கும் ஒரு பெண். பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்கப் போயிருந்தேன். நான் பழைய தந்தி ஆள் என்று தெரிந்ததும், பார்சலில் ஒட்டும் சீட்டைக் காட்டி, "சார், இந்த நம்பர்ல ஒரு எழுத்து மாத்தி அடிச்சாலும் கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது. அதுக்கு எப்படி சார் தெரியுது?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாலைந்து ரசீதுகளை வாங்கிவந்து வீட்டில் வைத்து மல்லுக்கட்டினேன். பேரனிடம் கேட்டதில் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு இலக்கத்தையும் வெவ்வேறு எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பதினொன்றால் வகுத்து, அந்த மீதியை வைத்துக் கடைசி இலக்கத்தை உண்டாக்குகிறார்கள். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அகப்பட்டுவிடும். அட பாவிகளா, இதை அன்றைக்கே எனக்கு ஒருத்தன் சொல்லியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்பதுதான் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்.

களமருதூர் எங்கள் ஊர். குத்தகை நெல்லு விவசாயம். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியதால் தபால் தந்தி வேலைக்கு எழுதச் சொன்னார்கள், எழுதினேன், கிடைத்தது. பயிற்சியில் ஒன்பது மாதம் புள்ளியும் கோடும் காதில் ஓதினார்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எண்பதுகளில், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கிய காலத்தில், நான் மலைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சின்ன ஆபீஸில் தந்திக்காரன். எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன். கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி சீதாபதி சார், சப் போஸ்ட்மாஸ்டர். கடலூர்ப் பக்கத்து மனிதர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாராவது தப்புச் செய்தால், அந்தக் காகிதத்தை நம் முன்னால் தள்ளி, அதன்மேல் கண்ணாடிக் குண்டு ஒன்றை வைத்து, "படிங்க" என்பார். அவ்வளவுதான். தப்பை நாமே கண்டுபிடித்துச் சொல்கிற வரைக்கும் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

அவருக்கு உயிர் போனாலும் விடக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. தந்தியில் எண் வந்தால், வாங்குகிறவன் அந்த எண்ணை முழுதாக அனுப்பியவனுக்கே திருப்பி அடித்துக் காட்ட வேண்டும். அவன் சரி என்று சொன்ன பிறகுதான் ஃபாரத்தில் குறி போட வேண்டும். கொலேஷன் என்று பெயர். எட்டு இலக்கம் என்றால் அரை நிமிஷம் பிடிக்கும். எனக்கு அந்த அரை நிமிஷம் முள்ளில் உட்கார்ந்த மாதிரி. அவசர புத்திக்காரனைக் கொண்டுபோய் அப்படி ஒரு வேலையில் போட்டது யார் குற்றம் என்று தெரியவில்லை.

அதனால் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். எந்தப் பெரிய எண்ணையும் ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி வருமோ, அதன் இலக்கங்களைக் கூட்டி, வந்ததை ஒற்றை இலக்கம் ஆகிறவரை மறுபடி கூட்டினாலும் அதுவே வரும். ஒன்பது வந்தால் மட்டும் மீதி பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் பெருக்கலைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தது. இதில் ஒரு சௌகரியம், கூட்டிக்கொண்டே போகும்போது ஒன்பது வந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். ஏழும் இரண்டும் வந்தால் எறி. ஆறும் மூன்றும் வந்தால் எறி. மிச்சத்தைக் கூட்டினால் போதும்.

இன்னொரு அதிசயமும் கண்டேன். தந்தி எழுத்தில் ஒன்று என்பது ஒரு புள்ளி, நாலு கோடு. ஒன்பது என்பது நாலு கோடு, ஒரு புள்ளி. கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழ். அப்படியே இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நாலும் ஆறும். ஜோடி ஜோடியாகக் கூட்டினால் எல்லாமே பத்து. புதிதாக வருகிற பையன்கள் இந்த ஜோடிகளில்தான் குழம்புவார்கள். அப்படிக் குழம்பினால் எண்ணில் எட்டோ ஆறோ நாலோ இரண்டோதான் வித்தியாசம் வரும், ஒன்பது ஒருநாளும் வராது. ஆகவே என் கூட்டல் அந்தத் தப்பைக் கட்டாயம் பிடித்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காகிதத்தில் எழுதிக்கொண்டு சீதாபதி சாரிடம் ஓடினேன்.

அவர் நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்குது, ஜெயராமன். ரூல் புக்குல எந்தப் பக்கத்துல இருக்குது?"

"ரூல்ல இல்லீங்க சார். நானா கண்டுபுடிச்சது."

"அப்போ நீங்களா வெச்சிக்கோங்க. வயர்ல போவக் கூடாது."

"கொலேஷனை விட இது சீக்கிரம் சார்."

"சீக்கிரம் போனா யாருக்குப் பிரைஸ் குடுக்கறாங்க?" என்றார். அதோடு சரி.

நான் கேட்கவில்லை. எங்கள் தந்தியெல்லாம் வந்து போகிற மேல் ஆபீஸில் எனக்கு எதிர் முனையில் தணிகாசலம் என்று ஒரு ஆள். முகத்தை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆனால் அவன் விரலின் நடை எனக்கு அத்துப்படி. அவனும் அவசரக்காரன். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம். எண்ணை அடித்து முடித்ததும் ஒரு மூச்சு விட்டு, கூட்டி வந்த ஒற்றை இலக்கத்தை அவன் அடிப்பான். நான் கூட்டி வைத்ததும் அதுவும் ஒத்துப்போனால் ஒரு புள்ளி தட்டுவேன். கொலேஷன் முடிந்தது என்று ஃபாரத்தில் குறி போட்டுவிடுவேன். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது, ஒரு தப்பு வரவில்லை. சீதாபதி சாரை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். திமிர்தான், வேறென்ன?

அப்புறம் அந்த மறியல் வாரம் வந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, கரும்பு வண்டிகூட நகரவில்லை. போலீஸ் தந்தி, கலெக்டர் ஆபீஸ் தந்தி, வெளியூரில் மாட்டிக்கொண்டவர்களின் தந்தி என்று எல்லாம் எங்கள் ஒரே கம்பியில் வந்து விழுந்தன. மரக்கிளை சாய்ந்து கம்பி வேறு அடிக்கடி ஈனஸ்வரத்தில் முனகும்.

திங்கட்கிழமை காலை. கவுண்ட்டரில் கூட்டம். தணிகாசலம் அடித்துக்கொண்டே போனான். மலைமேல் இருந்த உண்டு உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியைக்கு ஒரு தந்தி. ஆசிரியர் பயிற்சிக்கு அந்தப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை தேர்வாகியிருக்கிறது. பெயர் கிடையாது, பரீட்சைப் பதிவெண் மட்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் தந்தி மூலம் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சாதாரணமாகக் கடிதத்தில் வருவது. ரோடு அடைத்துக் கிடந்ததால் தந்தியில் வந்தது.

பதிவெண்ணை எழுதினேன்: 31720645. கூட்டி வந்தது ஒன்று. தணிகாசலமும் ஒன்று என்று அடித்தான். புள்ளி தட்டினேன். குறி போட்டேன். ஆள் மூலம் மலைக்கு அனுப்பியாயிற்று. அடுத்த தந்திக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை எங்களுக்கும் மேல் ஆபீஸுக்கும் நடுவில் கம்பி ஒரேயடியாகச் செத்துவிட்டது.

வியாழக்கிழமை காலை இரண்டு பெண்கள் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தார்கள். ஒருத்தி பழனியம்மா, உயரம், காதில் சின்னத் தோடு. இன்னொருத்தி பொன்னி, பேச்சுக்காரி. பழனியம்மாவுக்குத்தான் சீட்டு. சம்மதத் தந்தி கொடுக்க வந்திருந்தாள். துணைக்குப் பொன்னி.

"லைன் இல்லம்மா. எழுதிக் குடு, எப்படியாவது அனுப்பறோம்" என்று ஃபாரத்தை நீட்டினேன். பழனியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக எழுதினாள். பொன்னி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என் நம்பரும் இதே தான் சார். கடைசி ரெண்டத் திருப்பிப் போட்டா என்னுது. அவ நாப்பத்தஞ்சு, நான் அம்பத்துநாலு. பரீட்சை அன்னிக்கே சொல்லிச் சிரிச்சோம்."

நான் பென்சிலை எடுத்து அந்த இரண்டு எண்ணையும் கூட்டினேன்.

நாற்பத்தைந்தைக் கூட்டினால் ஒன்பது. ஐம்பத்துநாலைக் கூட்டினாலும் ஒன்பது. முன்னால் இருக்கிற ஆறு இலக்கம் இரண்டு பேருக்கும் ஒன்று. இரண்டு எண்ணுக்கும் மொத்தக் கூட்டல் ஒன்றுதான் வரும். அடக் கடவுளே! இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டாலும் கூட்டல் மாறாது என்பது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. கோடுகள் தலைகீழானால் பிடிக்குமா என்று பார்த்தேனே தவிர, இலக்கம் இடம் மாறினால் என்ன ஆகும் என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. பழகிய தந்திக்காரனுக்குக் காது முன்னால் போகும், கை இரண்டு மூன்று எழுத்து பின்னால் வரும். நடுவில் மனசு அதைப் பிடித்து வைத்திருக்கும். திங்கட்கிழமை என் மனசு என்ன செய்தது? நாலும் ஐந்தும் காதில் விழுந்ததும், ஒன்பது, எறி என்று எறிந்துவிட்டது. கை எழுத வந்தபோது அங்கே இருந்தது ஒரு ஒன்பது மட்டும்தான். எது முன்னால் விழுந்தது, நாலா ஐந்தா? எத்தனை யோசித்தும் காதுக்குத் திரும்ப வரவில்லை. தப்பைப் பிடிக்க நான் வைத்த கணக்கே அந்த இரண்டு இலக்கத்தையும் தின்றுவிட்டது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். நான் எழுதியதே சரியாகவும் இருக்கலாமே. ஒரு கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார முடியாமல் பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடந்தேன். அப்புறம் திங்கட்கிழமை ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போய் சீதாபதி சார் மேஜையில் நானே வைத்து, கண்ணாடிக் குண்டையும் நானே தூக்கி வைத்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "படிங்க" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தணிகாசலம், புள்ளி, குறி, ஒன்றரை வருஷம், எல்லாம்.

"நீங்க எழுதனது நாப்பத்தஞ்சு. கேட்டது?"

"ஒன்பது சார்."

"ஒன்பதுன்னு ஒரு பொண்ணு வந்திருக்குதா வெளியில?"

ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"மேல் ஆபீஸ்ல அவங்க வாங்கின காப்பி இருக்கும். அதைப் பாக்காம இங்கருந்து எதுவும் போவக் கூடாது" என்றார். "லைன் செத்தா கால்ல போவணும். உங்க சைக்கிள் இருக்குதில்ல? ரெண்டு ஃபாரம் எழுதுங்க. ரெண்டு பொண்ணும் தனித்தனியா கையெழுத்துப் போடட்டும். காப்பியில எந்த நம்பர் இருக்குதோ அந்த ஃபாரம் வயர்ல ஏறட்டும், இன்னொண்ண எடுத்துக்கினு திரும்பி வாங்க. கையெழுத்து ஏன் வாங்கறோம்னு அந்தப் பொண்ணுங்க கிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. பொன்னி புரிந்ததும் வெடுக்கென்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் தோழியின் முகத்தைப் பார்த்தாள். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

பழனியம்மா கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தாள்.

"கூட்டினா ரெண்டும் ஒண்ணா வருதுன்னு வுட்டுட்டீங்களா சார்?"

"ஆமாம்மா."

"கூட்டினா ஒண்ணா வந்தா, நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

ஃபாரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவளும் போட்டாள்.

அவர்கள் இருவரையும் ஆபீஸ் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் சீதாபதி சார் மனைவியிடம் விட்டுவிட்டு நான் கிளம்பினேன். தியாகதுருகம் வரைக்கும் எத்தனை மரம் என்று எண்ணிக்கொண்டே போனேன். எண்ணுகிற புத்தி எங்கே விடும்? இறங்கு, சைக்கிளைத் தூக்கு, தாண்டு, ஏறு. தோள்பட்டை வீங்கிவிட்டது. தியாகதுருகத்துக்கு அப்பால், திருக்கோவிலூர் போகிற ரோட்டில் பெரிய கும்பல். சைக்கிள்கூட விடக்கூடாது என்று நாலைந்து பேர் கையை நீட்டினார்கள். அதில் ஒருத்தன் என் சித்தப்பா மகன் ஏழுமலை.

"இன்னாண்ணே, ஊரே ரோட்டுல குந்திக்கினு இருக்குது, நீ டூட்டிக்குப் போய்க்கினு இருக்கியா? வெக்கமா இல்ல?"

"தம்பி, ஒரு பொண்ணோட படிப்பு சீட்டுடா. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் போவலன்னா போச்சு."

"யாரு பொண்ணு? நம்ம ஆளுங்களா?"

"மலைமேல இருக்கற பொண்ணு."

பக்கத்தில் இருந்தவன் ஏதோ முணுமுணுத்தான். "சும்மா இருடா" என்று அவனை அடக்கிவிட்டு ஏழுமலை என் சைக்கிளைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"நமக்கு சீட்டு குடுன்னுதான் மரத்த வெட்டிப் போட்டுக்கினு இருக்கோம். வந்த சீட்டு எவனுதா இருந்தாலும் வீணாப் போவக் கூடாது. வா, அந்தப் பக்கம் வுட்டுட்டு வரேன்" என்றான். மூன்று மரம் தாண்டும் வரைக்கும் அவனே சுமந்தான். வழியெல்லாம் என் வேலையைத் திட்டிக்கொண்டே சுமந்தான்.

மேல் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. தணிகாசலம் என்னைப் பார்த்ததும் பேய் அறைந்தவன் மாதிரி எழுந்து நின்றான். காப்பிக் கட்டை எடுத்து இரண்டு பேரும் புரட்டினோம். திங்கட்கிழமை, அவன் கையெழுத்து, தெளிவாக: 31720654.

ஐம்பத்துநாலு. பொன்னி.

அவன் சரியாகத்தான் அடித்திருக்கிறான். நான்தான் எறிந்துவிட்டேன். பொன்னியின் ஃபாரத்தைக் கொடுத்தேன். அவன் அதை அடிக்க, எதிர் முனைக்காரன் எட்டு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அடித்தான். அந்த அரை நிமிஷமும் நான் மூச்சுவிடாமல் கேட்டேன். பொன்னி போய்ப் படித்தாள், மலையிலேயே டீச்சராகிப் பல வருஷம் வேலை பார்த்தாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு குற்றப்பத்திரிகை வந்தது, ஒப்புக்கொண்டு பதில் எழுதினேன், கண்டித்து விட்டார்கள். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்து பழனியம்மாவிடம் அவளுடைய ஃபாரத்தை நீட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சீதாபதி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கே திருத்தின காப்பிய எடுத்துக்கினு போய் டீச்சரம்மா கிட்ட குடுங்க. அப்புறம் இந்தப் பொண்ணு வூட்டுக்கும் போங்க. மூணு நாளா ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க. அது தனியா போய் நின்னு இல்லன்னு சொல்லக் கூடாது. தப்பு நம்மளுதுன்னு நாம சொல்லணும்." நல்ல மனிதர். நல்லதை நினைத்துத்தான் சொன்னார்.

சனிக்கிழமை மூன்று பேரும் மலை ஏறினோம். பள்ளியில் திருத்தத்தைக் கொடுத்து, பொன்னியை விட்டுவிட்டு, பழனியம்மாவும் நானும் மேலே நடந்தோம். பாதி வழியில் அவளாகப் பேசினாள்.

"சார், எங்கூட்டுல வந்து இன்னா சொல்லப் போறீங்க?"

"நடந்ததைச் சொல்றேம்மா. உன் மேல தப்பு இல்லன்னு சொல்றேன்."

"இந்த வருசம் இல்ல, அடுத்த வருசம் சீட்டுன்னு சொல்லுங்க சார்."

"ஏம்மா?"

"தை மாசம் எங்க மாமனுக்கு என்னக் கட்டிக் குடுக்கறதாப் பேசி வெச்சிருந்தாங்க. எங்கம்மாவோட தம்பி. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு வெட்டப் போறவரு. குடிப்பாரு. தந்தி வந்துச்சா, எங்கப்பா வேணாம், புள்ள படிக்கட்டும்னுட்டாரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரிகிறது. எனக்கும் இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இனி இருக்கிறதை இருக்கிறபடியே சொல்லுவேன், ஒரு எழுத்து கூடாது குறையாது என்று தியாகதுருகம் ரோட்டில் சைக்கிள் மேல் சத்தியம் பண்ணியிருந்தேன். சொல்லித் தீர்த்தால் என் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்பதுதான் உள்ளே இருந்த நிஜமான ஆசை. அவள் பாரத்தை நான் நினைக்கவில்லை.

"இல்லாததைச் சொல்லக் கூடாதும்மா" என்றேன், பெரிய யோக்கியன் மாதிரி. அவள் நடையை எட்டிப் போட்டு முன்னால் போனாள்.

அவள் அப்பா குட்டையான மனிதர், கையில் களைக்கொத்து. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் பாயை விரித்து உட்காரவைத்தார். அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் கூடினார்கள். ஒரு கிழவர், "டீச்சரம்மா வந்துட்டுது" என்று பழனியம்மாவைக் கேலி பண்ணினார். நான் எழுந்து நின்று, நம்பர் இடம் மாறியதையும், தப்பு முழுக்க என்னுடையது என்பதையும், சீட்டு பொன்னிக்குத்தான் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பார்களோ என்றுகூட நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அப்பா களைக்கொத்தைத் தரையில் வைத்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, பின்னால் நின்ற மனைவியிடம் திரும்பினார்.

"நல்ல வேளை! உன் தம்பி கிட்ட இன்னும் ஆள் போவல பாரு. திங்கக்கிழம பஸ் ஓடும், அன்னிக்கு அனுப்பி வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தோம். சொல்லிட்டிருந்தா அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி மாதிரி வந்து சொன்னீங்க சார். மானம் போவாம காப்பாத்தினீங்க."

எனக்குச் சாமைச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன், வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. கிளம்பும்போது ஒரு பாட்டில் மலைத்தேன் கொடுத்தார் அவள் அப்பா. வாங்க மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லியும் பையில் திணித்துவிட்டார். கல்யாணம் தையில் நடந்தது என்று பிறகு அந்தத் தலைமையாசிரியை சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கீழே இறங்குகிற பாதை வரைக்கும் வழிகாட்டப் பழனியம்மாவைத்தான் அனுப்பினார்கள். ஒரு பாறை பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தொலைத்திருப்பேன்.

"சார்."

"சொல்லும்மா."

"ரெண்டு நாள் கழிச்சி வந்திருக்கக் கூடாதா சார்?"

அவள் திரும்பி மேலே நடந்துவிட்டாள். தந்திக்காரன் தாமதமாக வந்தான் என்று என் சர்வீஸ் முழுக்க எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான்.